மற்றும் குழுவினர்

கேசட் அட்டையில் ரெபெய்ரோவின் பெயர் பெரிதாக,
கையில் ட்ரம்பெட் மின்ன.
அதற்குக் கீழே, தைலக் குப்பி லேபிள் அளவு எழுத்தில்
‘மற்றும் குழுவினர்.’
அந்த ‘மற்றும்’க்குள் நான். ட்ரம்ஸ்.
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி
சவரிராயன்.

பகலில் நான் வெலிங்டன் பஜாரில் வர்க்கி சுடுகிறவன்.
அவன் அருவங்காடு வெடிமருந்து ஆலையில்
ஸ்டோர் கிளார்க்.
வாசலில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு
உள்ளே போகிற வேலை.
சாயங்காலச் சங்கு பிடித்ததும்
சாக்ஸபோனின் கழுத்தைக் கழற்றி
ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவான்.
குளிரில் பித்தளைக்குச் சுருதி இறங்கிவிடும்.
பிளாக் பிரிட்ஜ் வருவதற்குள்
அவன் நெஞ்சுச் சூட்டுக்கு அது ஏறியிருக்கும்.

ஆல்ட்டோ, டெனர், கிளாரினெட்,
ஆள் வராவிட்டால் புல்லாங்குழலும்.
ரெஜிமென்ட் பேண்டில் ஒருத்தனுக்குக் காமாலை கண்டபோது
நாலு மாதம் அவன் சட்டையில்.
கோயம்புத்தூரில் சர்க்கஸ், யானை பந்தை உதைக்கிற கட்டத்துக்கு.
கோடம்பாக்கத்தில் மூன்று ரெக்கார்டிங்.
ஒன்றில், கதாநாயகி கோலி சோடா உடைக்கும் எட்டு நொடி
முழுக்க அவன்தான்.
மாரியம்மன் தேரன்று ஒத்துக்காரருக்குப் பல்வலி.
டெனரைத் தூக்கிக்கொண்டு போய்
நாயனத்துக்குப் பின்னால் நின்று
ராத்திரி முழுக்க ஒரே சுரம்.
விடாமல் மூச்சு சுழற்றுவதை
கோத்தகிரிக்கு மேலே ஒரு சாவில்
கோத்தரின் கொள் குழலுக்குப் பக்கத்தில்
சும்மா நின்றே பிடித்துக்கொண்டானாம்.

எனக்கு எரிச்சல்தான்.
“உனக்குன்னு ஒரு சத்தம் வேணாமாடா?”
ஒருமுறை கேட்டேவிட்டேன்.
ரீடை பிளேடால் சீவி,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
“பசிக்குது. வர்க்கி வச்சிருக்கியா?” என்றான்.

அந்த டிசம்பர் முப்பத்தொன்று.
பர்லியாரில் மலை சரிந்து
ரெபெய்ரோவின் கார் அந்தப் பக்கம்.
கிளப்பில் நூற்றிருபது பேர், காகிதத் தொப்பி,
கணப்பில் கற்பூரமரக் கட்டை.
மேனேஜர் கையைப் பிசைந்தார்.
“நீ லீட் எடுக்கிறியா, சவரி?”
“எடுக்கிறேன்.”
முன்னால் வந்து நின்றான்.

நான் நாலு எண்ணினேன்.
ட்ரம்பெட்டின் வரியை அவன் வாசிக்கவில்லை.
பன்னிரண்டு வருஷமாக அதன் அடியில் வாசித்துவந்த
தன் வரியையே வாசித்தான்.
மெட்டு இருக்க வேண்டிய இடத்தில்
மெட்டு இல்லை.
தூக்கிய காலைக் கீழே வைக்கத் தெரியாமல்
கூட்டம் ஒரு கணம் நின்றது.
அப்புறம் மிஸஸ் டிக்ரூஸின் உதடு அசைந்தது.
அப்புறம் பில்லியர்ட்ஸ் மார்க்கர் துரை.
வராத பாட்டை ஆளுக்கு ஆள்
வாய்க்குள் முனகிக்கொண்டே ஆடினார்கள்.
ஓட்டைப் பிரித்த பிறகு உத்தரம் தெரிகிற மாதிரி
எனக்கு அன்றுதான் தெரிந்தது,
அத்தனை நாளும் நாங்கள் எதன்மேல் நின்று
ஆட்டம் போட்டோம் என்று.

பணிவு என்று நினைத்துவிடாதீர்கள்.
லீடருக்கான கவரை நீட்டியபோது
விரலை நனைத்து எண்ணித்தான் வாங்கினான்.
“பத்து ரூபாய் குறையுது” என்றான்.
குறைந்துதான் இருந்தது.

விடிந்தபின், முழங்கால்வரை செம்மண்ணோடு
ரெபெய்ரோ வந்து சேர்ந்தார்.
“என் பார்ட்டை எவன் வாசிச்சான்?”
“யாரும் வாசிக்கலை” என்றேன்.
“அப்ப எப்படிய்யா ஆடினாங்க?”

சவரி நிமிரவில்லை.
சாக்ஸபோனின் மூடிகளுக்கு அடியில்
ஒரு ரூபாய் நோட்டைச் செருகிச் செருகி
ராத்திரியின் எச்சிலை ஒற்றிக்கொண்டிருந்தான்.
ஆலைச் சங்குக்கு இன்னும் அரைமணி நேரம்.
தீப்பெட்டி ஏதும் தங்கிவிட்டதா என்று
பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.